பல்லின் கதை – 14: தாய்மண்ணோடு பிடுங்கி நட்ட பல்

லண்டனில் அரச அறுவை மருத்துவர் கல்லூரிக்குள் ஹண்டேரியன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிக் குடுவையில், பதம் செய்யப்பட்ட சேவல் தலை ஒன்றைப் பார்க்கலாம். நெடுக்காக வெட்டி உள்ளே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். கொண்டைச் சதைக்கு நடுவே வெளுப்பாக ஒன்று புதைந்திருக்கும். அது மனிதப் பல்.

அதை அங்கே நட்டவர் ஜான் ஹண்டர். ஸ்காட்லாந்தில் 1728இல் பிறந்து, லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக உயர்ந்தவர். அப்போதுதான் பிடுங்கிய, சூடு ஆறாத மனிதப் பல்லை எடுத்தார். சேவலின் கொண்டையில் கத்தியால் கீறி அந்தப் பிளவுக்குள் செருகினார், நூலால் கட்டினார். சில மாதம் கழித்துச் சேவலைக் கொன்று, அதன் தலையின் இரத்தக் குழாய்களில் மெழுகை ஏற்றிப் பார்த்தபோது பல்லின் உட்கூழுக்குள்ளும் அந்த மெழுகு போயிருந்தது. சேவலின் இரத்தம் மனிதப் பல்லுக்குள் ஓடியிருக்கிறது! பல முறை முயன்றும் ஒரே ஒரு தடவைதான் பலித்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தோல்விகளை மறைக்காத அந்தக் குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். 1941 மே மாதம் ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டில் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. சேவல் தலை தப்பித்தது.

ஹண்டருக்கு முன்பு பல்லை வாய்க்குள் நட்டவர்கள் இல்லாமல் இல்லை. கொர்தோபாவில் கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த அல் ஸஹ்ராவி, ஆட்டம் கண்ட பற்களைத் தங்கக் கம்பியால் கட்டி நிறுத்துவதைப் பற்றியும், விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்துவதைப் பற்றியும், மாட்டு எலும்பில் பல் செதுக்குவதைப் பற்றியும் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் அம்புரோஸ் பாரே, உயர்குடிப் பெண் ஒருத்தி தன் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பணிப்பெண்ணின் பல்லை அந்தக் குழியில் வைத்துக்கொண்டதாகத் தான் கேள்விப்பட்டதைப் பதிவு செய்தார். அந்தப் பணிப்பெண்ணுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரி இல்லை. 1728இல் பியர் ஃபோஷார் வெளியிட்ட பெருநூலிலும் பல் நடவு இடம்பெற்றது. அவரைப் பற்றித் தனி அத்தியாயமே பார்த்துவிட்டோம்.

ஹண்டர் இந்தக் கைவேலைக்கு ஒரு கொள்கையைக் கொடுத்தார். பல் உயிருள்ள பொருள், உயிருள்ள பொருளை உயிருள்ள உடம்பில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்றார். தோட்டக்காரர் ஒரு மரத்தின் தளிரை வெட்டி இன்னொரு மரத்தில் ஒட்டுக் கட்டுவது அவர் மனத்தில் இருந்தது. நடப்போகும் பல்லுக்கு அவர் வைத்த பெயரே ஒட்டுக்கிளையைக் குறிக்கும் சொல்தான். 1771இல் வந்த மனிதப் பற்களைப் பற்றிய அவருடைய நூலும், 1778இல் வந்த பல் நோய்களைப் பற்றிய நூலும் இந்த நம்பிக்கைக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தன. ஹண்டரே சொல்லிவிட்டார் என்றால் லண்டன் சீமாட்டிகளுக்கு வேறென்ன வேண்டும்?

அவருடைய செய்முறைக் குறிப்புகள் நுட்பமானவை. நட வேண்டிய பல் இளம் வயதினருடையதாக இருக்க வேண்டும். பிடுங்கிய உடனே நட வேண்டும். குழியின் அளவுக்குப் பல்லின் வேர் பொருந்தி வர வேண்டும். பக்கத்துப் பற்களோடு பட்டு நூலால் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். இன்றைய மருத்துவர் படித்தாலும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டுவார். ஆனால் அடுத்து ஒரு குறிப்பு வருகிறது. பல் கொடுப்பவர்கள் பலரைத் தயாராக நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது, முதல் ஆளின் பல் பொருந்தாவிட்டால் அடுத்த ஆளின் பல்லைப் பார்க்கலாம் என்கிறார் ஹண்டர்.

பொருந்தாத அந்த முதல் பல்லையும் பிடுங்கித்தானே பார்த்திருப்பார்கள்?

1787இல் தாமஸ் ரோலண்ட்சன் என்ற ஓவியர் இந்தக் காட்சியை வரைந்து அச்சிட்டார். நடுவில் பல் மருத்துவர், கரி படிந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் புகைபோக்கி துடைக்கும் பையனின் வாயில் கை வைத்திருக்கிறார். பக்கத்தில் பட்டாடை அணிந்த சீமாட்டி தன் முறைக்காகக் காத்திருக்கிறாள். அறையின் ஓரத்தில் கந்தல் உடுத்த ஒரு சிறுமியும் சிறுவனும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறுகிறார்கள். கையில் கிடைத்த காசைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். உயிருள்ள பல்லுக்கு நல்ல விலை தரப்படும் என்ற அறிவிப்பு கதவில் தொங்குகிறது. ரோலண்ட்சன் கேலிச் சித்திரக்காரர். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முகத்தை வரையும்போது அவர் கேலி செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மயக்க மருந்தோ மரத்துப்போகும் ஊசியோ இல்லாத காலம். நல்ல, ஆடாத, வலியில்லாத முன்பல். அதைக் குறடால் திருகிப் பிடுங்கியிருக்கிறார்கள்.

அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். அமெரிக்க நகரங்களில் லெ மேயர் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர், முன்பற்களை விற்க விரும்புவோர் வரலாம் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணைக் கணக்குப் புத்தகத்தில் 1784 மே மாதம் ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது. அந்த மருத்துவர் கணக்கில், கறுப்பின மக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கியதற்கு 6 பவுண்டு 2 ஷில்லிங். பற்களைக் கொடுத்தவர்கள் அந்தப் பண்ணையில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்பதை நினைத்துக்கொண்டுதான் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

நட்ட பல் நிலைத்ததா? சில மாதம், சில ஆண்டுகள் நின்றது. பிறகு ஆடியது, விழுந்தது. இடையில் வேறொரு பயமும் வந்து சேர்ந்தது. 1785இல் வில்லியம் வாட்சன் என்ற லண்டன் மருத்துவர், பல் நட்டுக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு வாயில் புண் வந்து, அது பரவி, கடைசியில் அவள் இறந்துபோனதை எழுதினார். பல் கொடுத்தவரிடமிருந்து மேகநோய் தொற்றியிருக்கலாம் என்ற பேச்சு ஊரெங்கும் எழுந்தது. ஹண்டர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மறு ஆண்டு வெளிவந்த மேகநோய் நூலில் இவை வேறு நோய்கள் என்று வாதாடினார். ஆனால் அச்சம் வென்றது. அதே சமயத்தில் பாரிசிலிருந்து பீங்கான் பற்களும் வந்து சேர்ந்தன. பிறகு வாட்டர்லூ போர்க்களத்துப் பிணங்களின் பற்கள். அடுத்தவர் பல்லை உயிரோடு நடும் வழக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தது.

ஹண்டரின் ஒட்டு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு விடை கிடைக்க இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடை பல் மருத்துவத்திலிருந்து வரவில்லை. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால் ஏன் சில நாட்களில் கருகி உதிர்கிறது என்று பீட்டர் மெடவர் ஆராய்ந்தார். உடம்பு தன் பொருளையும் பிறர் பொருளையும் பிரித்தறிகிறது, பிறர் பொருளை விரட்டுகிறது என்பதை நிறுவினார். 1960இல் அவருக்கும் மக்ஃபர்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்தவர் பல்லையும் உடம்பு அப்படித்தான் நடத்துகிறது. தோலை உதிர்ப்பது போல நாட்கணக்கில் இல்லை, வேரை ஆண்டுக்கணக்கில் அரித்துத் தின்கிறது. ஹண்டரின் நோயாளிகள் ஏமாந்தது இந்தத் தாமதத்தால்தான்.

அப்படியானால் தன் பல்லையே தனக்கு நட்டால்? கேள்வி எளிதானது. ஆனால் நடுவதற்கு உதிரியாக ஒரு பல் வேண்டுமே, அது எங்கே இருக்கிறது?

அந்தப் பல் வாயின் கடைக்கோடியில் இருந்தது. நாம் ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் சொல்கிற மூன்றாம் கடைவாய்ப்பல். பதினேழு வயதுக்கு மேல் முளைக்கும், அல்லது முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள் சாய்ந்து கிடக்கும். வலி கொடுக்கும், ஈறு வீங்கும், பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். அதன் இருப்பிடத்தையும் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதையும் வாயைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது. 1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான் மருத்துவர்களால் தாடைக்குள் எட்டிப்பார்க்க முடிந்தது. 1915இல் ஸ்வீடனின் லியோனார்ட் விட்மன், மேல்தாடைக்குள் புதைந்துகிடந்த கோரைப்பல்லை எடுத்து உரிய இடத்தில் நட்டதைப் பற்றி எழுதினார். தன் பல் தனக்கு என்ற வழியில் அது முக்கியமான எட்டு. ஆனால் கிருமிகளை அடக்க மருந்து வந்த பிறகுதான் இந்த வழியில் ஆள் நடமாட்டம் கூடியது.

1940களின் இறுதிக்குள் பென்சிலின் எல்லா மருந்துக்கடைகளுக்கும் வந்துவிட்டது. ஸ்வீடனில் உருவான லிக்னோகெயின் ஊசி வாயை நன்றாக மரக்க வைத்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வாயில் ஒரு பொதுவான ஓட்டை இருந்தது. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல் பதின்வயது முடிவதற்குள் சொத்தையாகிப் போயிருக்கும். பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பதால் பெற்றோர் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். விழுந்து முளைக்கத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. ஆறு வயதுப் பல்லுக்கு மாற்றுப்பல் கிடையாது என்பதை ஒவ்வொரு தாய்க்கும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆப்ஃபெல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். முன்னால் ஓர் இடம் காலி, பின்னால் ஒரு பல் உபரி. வேர் முழுதாக வளராத ஞானப்பல் முளையை அதன் பையோடு எடுத்து, சொத்தையான முதல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய குழியில் வைத்தார். 1950இல் அதைப் பற்றி எழுதினார், 1954இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் விரிவாக எழுதினார். அதே ஆண்டு அதே இதழில் அயோவாவின் மெர்ல் ஹேலும் தன் அனுபவத்தை வெளியிட்டார். ஹேல் படிப்படியாக வகுத்த முறையின் எலும்புக்கூடு இன்றும் பெரிதாக மாறவில்லை. அந்த 1954 டிசம்பரில்தான் பாஸ்டனில் ஜோசப் மர்ரே, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். உடம்புக்கு அந்நியமாகத் தெரியாத உறுப்பைத்தான் இரண்டு துறையினரும் தேடிக்கொண்டிருந்தார்கள். சிறுநீரகத்துக்கு ஒரே கருவில் உருவான இரட்டை உடன்பிறப்பு கிடைக்க வேண்டியிருந்தது. பல்லுக்கு நான்கு அங்குலம்கூடத் தள்ளிப் போக வேண்டியதில்லை.

இங்கே என் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் கீழ்த்தாடையின் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல்லைப் பிளஸ் டூ படிக்கும்போது பிடுங்கினார்கள். பரீட்சை நேரம், வலி தாங்கவில்லை, பிடுங்கிவிட்டால் போதும் என்று நானும் அம்மாவும் நினைத்தோம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் யோசனையில் இருக்கும்போது என் நாக்கு அந்த இடத்துக்குத்தான் போகிறது. பதினேழு வயதில் ஞானப்பல்லின் வேர் ஏறக்குறையப் பாதி வளர்ந்திருக்கும். எடுத்து நடுவதற்கு மிகப் பொருத்தமான பருவம் அதுதான். எனக்குச் சேர வேண்டிய பல் இரண்டு பல் தள்ளிக் காத்திருந்தது என்பது இந்த அத்தியாயத்துக்காகப் படிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அமெரிக்காவில் எழுந்த ஆர்வம் சில ஆண்டுகளில் தணிந்தது. நட்ட பற்களில் பல நன்றாகத்தான் ஈறோடு சேர்ந்தன. ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் சிலவற்றில் வேர் கரைந்திருந்தது. சிலவற்றில் வேரும் எலும்பும் ஒன்றாக உறைந்துபோயிருந்தன. உடம்பு விரட்டுகிறது என்று சொல்ல வழியில்லை, அவரவர் பல்தான். ஒரே மருத்துவர், ஒரே முறை, ஒரே வயது. ஒருவருக்கு நிலைக்கிறது, இன்னொருவருக்குக் கரைகிறது. ஏன்?

விடையைக் கண்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஓவே ஆண்ட்ரியாசன். கோபன்ஹேகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை. விழுந்து அடிபட்ட குழந்தைகளின் பற்களுக்காகவே வாழ்ந்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. குரங்குகளின் பற்களைப் பிடுங்கி, சிலவற்றை உலரவிட்டும் சிலவற்றை உப்புநீரில் ஈரமாக வைத்தும், வெவ்வேறு நேரம் கழித்துத் திரும்ப நட்டார். பிறகு வேரை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். ஈரமாக இருந்தவை பிழைத்தன. ஒரு மணி நேரம் உலர்ந்தவற்றின் வேரை எலும்பு விழுங்கியிருந்தது.

நம் ஊரில் நடவு பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நாற்றங்காலில் நாற்றைப் பறிக்கும்போது வேரை உதறிக் காயவிட்டால் வயலில் பச்சை பிடிக்காது. மரக்கன்றைப் பெயர்க்கும்போது வேரோடு ஒட்டிய தாய்மண் உதிராமல் ஓலையில் சுற்றி எடுத்துப்போவார்கள். பல்லுக்கும் அப்படி ஒரு தாய்மண் இருக்கிறது. வேரைச் சுற்றி, ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சவ்வு. பல் எலும்பில் அறைந்த ஆணி போல நிற்கவில்லை. இந்தச் சவ்வின் ஆயிரக்கணக்கான இழைகளில், தூளியில் தொங்குவது போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சோற்றில் ஒரு பொடிக்கல் பல்லில் பட்டதும் மெல்லுவதை நிறுத்திவிடுகிறோமே, அந்தக் கல்லைக் கண்டுபிடித்துச் சொல்வது இந்தச் சவ்வின் நரம்புகள்தான். வேருக்கும் எலும்புக்கும் நடுவே நின்று, வேரை எலும்பு அரிக்காமல் காப்பதும் இதுதான். சவ்வின் செல்கள் இறந்துபோனால் காவல் போய்விடுகிறது. எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழக்கப்படி வேரையும் எலும்பாக நினைத்துக் கரைத்து, அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது.

ஹண்டர் தேடிய உயிர் இங்கேதான் இருந்தது. அவர் உட்கூழில் மெழுகு போயிருக்கிறதா என்று பார்த்தார். வேரின் மேலே ஒட்டியிருந்த மெல்லிய படலத்தின் அருமையை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. எத்தனை பேர் அந்தப் படலத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருப்பார்கள்!

விளையாட்டில் பல் விழுந்துவிட்டால் வேரைத் தொடாதே, தேய்க்காதே, பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடு என்று இன்று பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதும் இந்த ஆராய்ச்சிகளின் வழியில் வந்த அறிவுதான்.

ஆண்ட்ரியாசன் தன் மருத்துவமனையில் நட்ட 370 முன்கடைவாய்ப்பற்களின் கணக்கை 1990இல் வெளியிட்டார். அதிகபட்சம் 13 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்த கணக்கு. வேர் முழுமையாக வளராத நிலையில் நட்டவற்றில் 95 சதவீதமும், வளர்ந்து முடிந்தபின் நட்டவற்றில் 98 சதவீதமும் வாயில் நின்றன. ஆனால் உட்கூழ் உயிர் பிழைப்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். வளரும் வேருடைய பற்களில் 96 சதவீதம், வளர்ந்து முடிந்தவற்றில் 15 சதவீதம் மட்டுமே. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. இளம் வேரின் நுனி புனல்வாய் போலத் திறந்திருக்கும், இரத்தக் குழாய்கள் அதன் வழியே மறுபடி உள்ளே வளர்ந்துவிடும். முதிர்ந்த வேரின் நுனித் துளை ஊசிக்கண்ணைவிடச் சிறியது. அப்படிப்பட்ட பல்லுக்கு நட்ட இரண்டு மூன்று வாரங்களில் ரூட் கேனால் செய்தாக வேண்டும். செய்துவிட்டால் சவ்வு உயிரோடிருக்கும்வரை பல்லும் நிற்கும்.

நார்வேயின் ஆஸ்லோவில் இன்னொரு குழு. ஓலாவ் ஸ்லாக்ஸ்வோலும் பியார்ன் பியெர்க்கேயும் பல் வரிசை சீரமைப்பு நிபுணர்கள். பிறவியிலேயே சில பற்கள் முளைக்காத குழந்தைகளுக்கும், அடிபட்டு முன்பல் இழந்த குழந்தைகளுக்கும், நெரிசலாக இருக்கும் இடத்திலிருந்து முன்கடைவாய்ப்பல்லை எடுத்து நட்டார்கள். நட்ட பல்லின் வேர் புதிய இடத்தில் தொடர்ந்து வளர்ந்ததை எக்ஸ்ரே படங்களோடு 1974இல் காட்டினார்கள். வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எலும்போடு இறுகிப்போன எதுவும் தாடை வளரும்போது கூட வளராது, பள்ளத்தில் தங்கிவிடும். சவ்வோடு நட்ட பல் தாடையோடு சேர்ந்து வளரும், தன்னைச் சுற்றி எலும்பையும் வளர்த்துக்கொள்ளும்.

ஆஸ்லோவில் சிறுவயதில் பல் நட்டுக்கொண்டவர்களைப் பிற்காலத்தில் தேடிப்பிடித்து அழைத்தார்கள். 28 பேர் வந்தார்கள், அவர்கள் வாயில் 33 நடவுகள். நட்டு 17 முதல் 41 ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளிச் சீருடையில் வந்து போனவர்கள் நடுவயதில் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்கள். 2002இல் ஏவா சோக்ரோவ்ஸ்காவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட அந்த ஆய்வில் 90 சதவீதப் பற்கள் நிலைத்திருந்தன. 79 சதவீதம், எல்லா அளவுகோல்களிலும் வெற்றி என்று சொல்லத்தக்கவை. நாற்பது ஆண்டு உழைத்த ஒட்டுப்பல்லைப் பார்க்க ஹண்டருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மறுபடி கடைவாய்க்கு வருவோம். முன்கடைவாய்ப்பல்லை நடுவதைவிட ஞானப்பல்லை நடுவது கடினம். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். சிலருக்கு வேர்கள் கூம்பு போல ஒன்றாகச் சேர்ந்திருக்கும், அவர்கள் பாக்கியசாலிகள். சிலருக்குக் கொக்கி போல வளைந்து எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கும். எடுக்கும்போதே உடைந்தால் கதை முடிந்தது.

அந்த அறுவையின் நடுவே ஒரு கட்டம் வருகிறது. சொத்தையான பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. குழியின் நடுவே வேர்களுக்கு இடையில் நிற்கும் எலும்புச் சுவரைச் சிறிய உருளிக் கருவியால், உப்புநீர் ஊற்றிக்கொண்டே மெல்ல மெல்லச் செதுக்குகிறார் மருத்துவர். சூடேறினால் எலும்புச் செல்கள் கருகிவிடும், அதனால்தான் தண்ணீர். பிறகு ஞானப்பல்லைச் சுற்றி ஈறை விலக்கி, நெம்பாமல், நசுக்காமல், அசைத்து அசைத்து எடுக்கிறார். தலைப்பகுதியை மட்டும் கிடுக்கி பிடித்திருக்கிறது. வேரின் மேல் ஈரமான, இளஞ்சிவப்பான படலம். அதில் கை படக் கூடாது, பஞ்சு படக் கூடாது. குழியில் வைத்துப் பார்க்கிறார், இடிக்கிறது. பல்லை எடுத்து முன்பு அது இருந்த குழியிலேயே திரும்ப வைக்கிறார், ஏனென்றால் அதைவிட நல்ல ஈரப் பாத்திரம் வேறில்லை. மறுபடி கொஞ்சம் செதுக்குகிறார். மறுபடி வைத்துப் பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் வேர் எலும்பில் உரசும்போது சவ்வில் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. இங்கேதான் பல பற்களின் ஆயுள் குறைந்தது.

இதற்கு வழி சொன்னவர்கள் கொரியர்கள். சியோலின் யோன்சே பல்கலைக்கழகத்தில் லீ சூங் ஜோங் தலைமையிலான குழு, நோயாளியின் தாடையை சி.டி. ஸ்கேன் எடுத்து, ஞானப்பல்லின் அச்சு அசலான மாதிரி ஒன்றைக் கணினி உதவியோடு முன்கூட்டியே செய்துகொண்டது. குழியை வெட்டுவதும் வைத்துப் பார்ப்பதும் அந்த மாதிரிப் பல்லைக்கொண்டு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்திய பிறகுதான் உண்மையான பல்லில் கை வைப்பார்கள். வெளியே எடுத்த சில நிமிடங்களில் அது புதுக் குழிக்குள் இருக்கும். 2001இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். பொருந்துகிறதா என்று பார்க்க ஏழைப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய அறையை நினைத்துக்கொள்கிறேன். அந்த வரிசையின் வேலையை இன்று ஒரு பிசின் பொம்மைப் பல் செய்கிறது.

இந்தச் சிகிச்சையைச் சாதாரண மக்களுக்கான சிகிச்சையாக ஆக்கிக்காட்டிய நாடு ஜப்பான். பல்லைப் பிடுங்கிய அதே குழியில் நோயாளியின் ஞானப்பல்லையோ புதைந்த பல்லையோ நடுவதற்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு செலவை ஏற்கிறது. அதனால் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் மட்டுமின்றித் தெருமுனைக் கிளினிக்குகளிலும் இதைச் செய்கிறார்கள். அய்ச்சி மாநிலத்தில் சொந்தக் கிளினிக் நடத்தும் மிட்சுஹிரோ சுகிபோஷி, வேர் முழுதாக முதிர்ந்த ஞானப்பற்களை நடுத்தர வயதினருக்கு நட்டு, ஒவ்வொன்றையும் படமெடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதிய நூல் 2001இல் ஆங்கிலத்தில் வந்தது. பதினேழு வயதைத் தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டது என்ற எண்ணத்தை அவருடைய படங்கள் மாற்றின. கதவு கொஞ்சம் ஒடுங்குகிறது, அவ்வளவுதான்.

நட்டபிறகு நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பில் கூட ஒரு பழைய பாடம் திருத்தப்பட்டது. முன்பெல்லாம் நட்ட பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியும் சிமெண்டும் வைத்து இறுகக் கட்டி, வாரக்கணக்கில் அசையவிடாமல் வைத்தார்கள். அப்படி இறுக்கினால் எலும்போடு உறைந்துபோகும் அபாயம் கூடுகிறது என்று ஆண்ட்ரியாசனின் சோதனைகள் காட்டின. இப்போது பெரும்பாலும் மேலே குறுக்காக ஒரு தையல் நூல், ஓரிரு வாரம். பல் லேசாக அசையட்டும் என்று விடுகிறார்கள். ஹண்டரின் பட்டு நூலுக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

இவ்வளவு நல்ல சிகிச்சையை நம்மில் பெரும்பாலோர் ஏன் கேள்விப்பட்டதே இல்லை? எல்லாருக்கும் பொருந்தும் வகையில் இதைச் செய்ய முடியாது என்பது ஒரு காரணம். பொருத்தமான ஞானப்பல் இருக்க வேண்டும், அது உடையாமல் வர வேண்டும், போகும் இடத்தில் போதிய எலும்பு இருக்க வேண்டும். மருத்துவருக்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். ஃப்ளோரைடு வந்த பிறகு வளர்ந்த நாடுகளில் பதின்வயதிலேயே கடைவாய்ப்பல் போவது குறைந்தது என்பது இன்னொரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. இந்தச் சிகிச்சையில் விற்பதற்கு ஒரு பொருள் இல்லை. பல்லும் நோயாளியுடையது, குழியும் நோயாளியுடையது. மறுபக்கம், பெட்டியில் அடைத்து உலகமெங்கும் அனுப்பக்கூடிய, ஒரே அளவில் செய்யக்கூடிய, எந்த வயதினருக்கும் முடுக்கக்கூடிய ஓர் உலோகத் திருகு வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், கோடிக்கணக்கானவர்கள் அதனால் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் பதினெட்டு வயதுப் பெண்ணின் கெட்டுப்போன கடைவாய்ப்பல்லைப் பிடுங்கச் சொல்வதற்கு முன்பு, அவளுடைய ஞானப்பல்லின் வேர் எந்த அளவில் இருக்கிறது என்று எக்ஸ்ரேயை ஒரு நிமிடம் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. கேளுங்கள்.

அந்த உலோகத் திருகின் கதை 1952இல் ஸ்வீடனில் ஒரு முயலின் காலில் தொடங்குகிறது. எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காகப் பேர்-இங்வார் பிரானமார்க் என்ற இளம் மருத்துவர் அங்கே ஒரு டைட்டானியக் குழலைப் பொருத்தினார். சோதனை முடிந்ததும் கழற்றப் பார்த்தார். வரவில்லை.

(தொடரும்)